58 ஆண்டுகளுக்குப் பிறகு நிரபராதி! தூக்கு கைதி ஹக்கமடா வழக்கில் மறுவிசாரணை இழுத்தது ஏன்? ஜப்பானில் ஓயாத விவாதம்

செய்யாத கொலைக்கு 47 ஆண்டு 7 மாதம் ஜெயில். அதில் பெரும்பகுதி தூக்கு கைதியாக. ஒவ்வொரு நாள் காலையிலும் 'இன்றைக்குத்தானோ' என்ற பயம். கடைசியில் 88 வயதில், 'இவர் நிரபராதி' என்று கோர்ட்டு சொன்னது.

ஜப்பானையே உலுக்கிய இந்த வழக்கின் நாயகன் பெயர் இவாவோ ஹக்கமடா. முன்னாள் குத்துச்சண்டை வீரர். மிசோ தொழிற்சாலையில் கூலிக்கு வேலை பார்த்த சாதாரண தொழிலாளி.

2024-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந்தேதி ஷிசுவோக்கா மாவட்ட கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. அதோடு வழக்கு முடிந்தது. ஆனால் சண்டை முடியவில்லை. 'ஆதாரம் எல்லாம் அரசாங்கத்தின் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. அப்புறம் ஏன் 58 வருஷம் ஆனது?' என்ற கேள்விதான் ஜப்பான் முழுக்க எழுந்தது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரே வீட்டில் 4 கொலை

1966-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதி அதிகாலை. ஷிசுவோக்கா மாநிலம் ஷிமிசு என்ற ஊரில் ஒரு வீடு தீப்பிடித்து எரிந்தது. தீயை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தவர்கள் அதிர்ந்து போனார்கள். வீட்டுக்காரர், அவரது மனைவி, மகள், மகன் என்று 4 பேர் பிணமாகக் கிடந்தார்கள். எல்லோர் உடம்பிலும் கத்திக்குத்து. பணமும் காணாமல் போயிருந்தது.

வீட்டுக்காரர் ஒரு மிசோ கம்பெனியின் நிர்வாக இயக்குனர். மிசோ என்பது வேகவைத்த சோயா பீன்சில் உப்பு சேர்த்து, மாதக்கணக்கில் பெரிய தொட்டியில் புளிக்க வைக்கும் விழுது. ஜப்பானில் தினசரி சூப்புக்கு அதுதான் அடிப்படை. இந்த வழக்கில் இந்த மிசோ தொட்டிதான் பின்னால் பெரிய பாத்திரம் வகிக்கப் போகிறது. ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

ஹக்கமடா அதே கம்பெனியில் வேலை செய்தார். தொழிற்சாலை விடுதியில் தங்கி இருந்தார். அப்போது வயது 30. குத்துச்சண்டையில் ஒரு காலத்தில் தன் எடைப்பிரிவில் தேசிய அளவில் 6-வது இடம் வரை வந்தவர். 'குத்துச்சண்டை வீரர் என்றால் 4 பேரைத் தாக்கும் பலம் இருக்கும்' என்று சந்தேகம் அவர் பக்கம் திரும்பியது. ஆகஸ்டு 18-ந்தேதி கைது செய்தார்கள்.

20-வது நாளில் 'ஒப்புதல்'

முதலில் அவர் எதையும் ஒப்புக் கொள்ளவில்லை. போலீசார் விடவில்லை. ஒரு நாளைக்குச் சராசரி 12 மணி நேரம் விசாரணை. சில நாட்களில் அதற்கும் மேலே. விசாரணை அறைக்குள்ளேயே சிறுநீர் கழிக்க வைத்தார்கள். வக்கீலைப் பார்க்க விட்டது சில தடவைகள்தான். அதுவும் கொஞ்ச நேரம். அந்தப் பேச்சைக்கூட ரகசியமாக டேப் செய்திருக்கிறார்கள் என்பது பல வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது.

செப்டம்பர் 6-ந்தேதி, அதாவது கைதாகி 20-வது நாள், 'நான்தான் செய்தேன்' என்று சொல்லி விட்டார். கோர்ட்டுக்கு வந்ததும் 'அடி, மிரட்டல் தாங்காமல் சொன்னது, நான் கொலை செய்யவில்லை' என்று மறுத்தார்.

மொத்தம் 45 ஒப்புதல் வாக்குமூலம் எழுதி வாங்கி இருந்தார்கள். அதில் 44-ஐ கோர்ட்டே ஏற்க முடியாது என்று தள்ளி விட்டது. மீதி இருந்த ஒன்றை ஏற்றுக்கொண்டது!

மிசோ தொட்டிக்குள் ரத்தக்கறை துணி

வழக்கு நடந்து கொண்டிருக்கும்போதே ஒரு திருப்பம். கொலை நடந்து 1 வருஷம் 2 மாதம் கழித்து, 1967-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந்தேதி, தொழிற்சாலையின் மிசோ தொட்டிக்குள் இருந்து ரத்தக்கறையோடு 5 துணிகள் கிடைத்தன. பேன்ட், சட்டை, உள்ளாடைகள்.

அதுவரை 'கொலை செய்தபோது ஹக்கமடா பைஜாமா போட்டிருந்தார்' என்று சொல்லி வந்தது அரசு தரப்பு. துணி கிடைத்ததும் கதை மாறியது. 'இந்த 5 துணிகள்தான் கொலைகாரன் போட்டது' என்றார்கள். கொஞ்ச நாளில் ஹக்கமடாவின் தாயார் வீட்டில் இருந்து ஒரு துண்டுத் துணியும் எடுத்தார்கள். அது அந்த பேன்டில் இருந்து வெட்டியதாம்.

கொலை நடந்த சில நாட்களிலேயே தொழிற்சாலையைச் சோதனை போட்டிருக்கிறார்கள். அப்போது கிடைக்காத துணி, ஒரு வருஷம் கழித்து எப்படிக் கிடைத்தது? அந்தக் கேள்வி அன்றைக்கே எழுந்தது. பலன் இல்லை. 1968-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந்தேதி ஹக்கமடாவுக்குத் தூக்கு தண்டனை விதித்தது ஷிசுவோக்கா கோர்ட்டு. அதே ஆண்டில் தாயாரும் கண் மூடினார்.

அப்பீலில் டோக்கியோ ஐகோர்ட்டு அந்த பேன்டை அவருக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னது. தொடைக்கு மேல் ஏறவே இல்லை. 'மிசோவில் ஊறி சுருங்கி விட்டது, இவரும் குண்டாகி விட்டார்' என்றது அரசு தரப்பு. பேன்டில் இருந்த லேபிளில் 'பி' என்று ஒரு எழுத்து. அது பெரிய அளவைக் குறிக்கிறது என்றும் வாதாடினார்கள். 1976-ல் ஐகோர்ட்டும், 1980-ல் சுப்ரீம் கோர்ட்டும் தூக்கை உறுதி செய்தன.

தீர்ப்பு எழுதிய நீதிபதியின் கண்ணீர்

இதில் இன்னொரு திடுக்கிடும் தகவல். 1968-ல் தீர்ப்பு சொன்ன 3 நீதிபதிகளில் ஒருவர் நோரிமிச்சி குமமோட்டோ. 'இவர் குற்றவாளி இல்லை' என்பது அவர் கருத்து. மற்ற 2 பேர் ஒத்துக்கொள்ளவில்லை. மெஜாரிட்டி முடிவுப்படி, தான் நம்பாத தூக்கு தீர்ப்பைத் தன் கையாலேயே எழுதினார். மறுவருஷம் வேலையை ராஜினாமா செய்தார்.

2007-ல்தான் இதை வெளியே சொன்னார். 2018-ல் ஹக்கமடாவை நேரில் பார்த்தபோது, நோயில் படுத்திருந்த அவரால் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. விடுதலைத் தீர்ப்பைப் பார்க்காமலே 2020-ல் இறந்து போனார்.

மறுவிசாரணை என்றால் என்ன?

சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பிறகு ஒரு வழக்கை மறுபடியும் திறக்க முடியுமா? முடியும். அதற்குத்தான் மறுவிசாரணை. 'புதிய, தெளிவான ஆதாரம் கிடைத்திருக்கிறது' என்று காட்ட வேண்டும்.

ஜப்பானில் இது இரண்டு கட்டம். வழக்கைத் திறக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்வது முதல் கட்டம். இது மூடிய கதவுக்குள் நடக்கும். திறக்கலாம் என்று முடிவானால்தான் இரண்டாவது கட்டமான உண்மையான விசாரணை.

சிக்கல் முதல் கட்டத்தில்தான். 'திறக்கலாம்' என்று ஒரு கோர்ட்டு சொன்னால், அரசு வக்கீல்கள் அதை எதிர்த்து அப்பீல் போகலாம். ஐகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு என்று இழுக்கலாம். தங்கள் கையில் உள்ள ஆதாரங்களைக் கைதியின் வக்கீலுக்குக் காட்டியே தீர வேண்டும் என்றும் சட்டத்தில் தெளிவான விதி கிடையாது. நீதிபதி நல்லவராக இருந்து கேட்டால் வரும். இல்லாவிட்டால் வராது.

1980-களில் 4 தூக்கு கைதிகள் ஜப்பானில் இப்படி மறுவிசாரணையில் விடுதலை ஆனார்கள். கடைசி ஆள் விடுதலையானது 1989-ல். அதன் பிறகு 35 வருஷம் கழித்து வந்த 5-வது ஆள்தான் ஹக்கமடா.

27 வருஷம், 15 வருஷம்

ஹக்கமடா முதல் மறுவிசாரணை மனுவைப் போட்டது 1981-ல். அது கீழே இருந்து மேலே வரை போய் தள்ளுபடி ஆனது 2008-ல். ஒரு மனுவுக்கு 27 வருஷம்!

அதற்குள் தூக்கு பயத்திலேயே அவரது மனநிலை கெட்டு விட்டது. ஜப்பானில் தூக்கு தேதியைக் கைதிக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. அன்று காலையில்தான் தெரியும். தனி அறை. காலையில் செருப்புச் சத்தம் கேட்டாலே உயிர் போய் வரும். 'நான்தான் கடவுள்' என்று பேச ஆரம்பித்தார். பார்க்க வந்த அக்காளையே வருஷக்கணக்கில் பார்க்க மறுத்தார்.

அக்காள் பெயர் ஹிதேகோ. தம்பியைவிட 3 வயது மூத்தவர். கணக்கு எழுதும் வேலை பார்த்துக் கொண்டே வழக்கு நடத்தினார். தம்பி பார்க்க மறுத்த காலத்திலும் ஜெயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. முதல் மனு தள்ளுபடியான அதே 2008-ல் தம்பிக்காக 2-வது மனு போட்டார்.

அப்போதுதான் கதவு கொஞ்சம் திறந்தது. அரசு தரப்பு வைத்திருந்த சுமார் 600 ஆதாரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. துணிகளின் தெளிவான கலர் போட்டோக்கள் வந்தன. பேன்ட் லேபிளில் இருந்த 'பி' அளவே இல்லை, துணியின் கலரைக் குறிக்கும் எழுத்து என்பது ஆவணத்திலேயே இருந்தது. 40 வருஷத்துக்கும் மேலாக இதை யாருக்கும் காட்டவில்லை!

2014-ம் ஆண்டு மார்ச் 27-ந்தேதி ஷிசுவோக்கா கோர்ட்டு நீதிபதி ஹிரோவாக்கி முராயமா மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். 'ஆதாரம் ஜோடிக்கப்பட்டிருக்கலாம், இனியும் இவரை உள்ளே வைப்பது தாங்க முடியாத அநியாயம்' என்ற ரீதியில் சொல்லி, தூக்கை நிறுத்தி, அன்றைக்கே வெளியே விடச் சொன்னார். 78 வயதில் ஹக்கமடா வெளியே வந்தார். உலகிலேயே மிக அதிக காலம் தூக்கு கைதியாக இருந்தவர் என்று கின்னஸ் சாதனைப் பட்டியல் அவரை ஏற்கனவே குறித்திருந்தது. உலக குத்துச்சண்டை கவுன்சில் கவுரவ சாம்பியன் பெல்ட் கொடுத்தது.

வெளியே வந்தாரே தவிர, மறுவிசாரணை தொடங்கவில்லை. அரசு தரப்பு அப்பீல் போட்டது. 2018-ல் டோக்கியோ ஐகோர்ட்டு மறுவிசாரணை உத்தரவை ரத்து செய்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு 'மறுபடியும் பாருங்கள்' என்று ஐகோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது. 2023 மார்ச்சில் ஐகோர்ட்டு 'மறுவிசாரணை நடத்தலாம்' என்றது. 2014-ல் திறக்கச் சொன்ன கதவு உண்மையில் திறந்தது 2023 அக்டோபரில். வெறும் அப்பீலிலேயே 9 வருஷம் போய் விட்டது.

ரத்தம் சிவப்பாக இருக்குமா?

வழக்கைத் திருப்பிப் போட்டது ஒரு சின்ன விஷயம். ரத்தத்தின் நிறம்.

ஒரு வருஷத்துக்கு மேல் மிசோவில் கிடந்ததாகச் சொன்ன துணியில் ரத்தக்கறை சிவப்பாகவே இருந்தது. மிசோவில் உப்பும் புளிப்பும் அதிகம். அதில் ரத்தம் பட்ட துணியைப் போட்டால் என்ன ஆகும்? ஹக்கமடாவின் ஆதரவாளர்கள் தாங்களே துணியில் ரத்தம் தோய்த்து மிசோவுக்குள் புதைத்துப் பார்த்தார்கள். நாளாக ஆக கறை கறுத்துப் போனது. சிவப்பு இல்லவே இல்லை. நிபுணர்களும் அறிவியல் ரீதியாக அதையே சொன்னார்கள்.

அப்படியானால் அந்தத் துணிகள் கண்டெடுக்கப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் தொட்டிக்குள் போடப்பட்டிருக்க வேண்டும். அப்போது ஹக்கமடா ஜெயிலில் இருந்தார்! ஜெயிலில் இருப்பவர் தொட்டிக்குள் எப்படித் துணி போடுவார்?

இவ்வளவுக்குப் பிறகும், 2024 மே மாதம் அரசு வக்கீல்கள் மறுபடியும் தூக்கு தண்டனைதான் கேட்டார்கள். பலியானவர்களின் குடும்பத்தார் தரப்பு அறிக்கையும் அன்று கோர்ட்டில் வாசிக்கப்பட்டது. 4 உயிர் போன குடும்பத்தின் துக்கத்தையும் மறந்து விடக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

'3 ஜோடனை' - நீதிபதி அதிரடி

தீர்ப்பு நாளன்று கோர்ட்டில் பொதுமக்களுக்கு இருந்தது சுமார் 40 சீட். வரிசையில் நின்றது சுமார் 500 பேர். மனநிலை சரியில்லாததால் ஹக்கமடா வரவில்லை. அவருக்குப் பதில் 91 வயது அக்காள் ஹிதேகோ ஆஜர் ஆனார்.

தலைமை நீதிபதி கோஷி குனீ 'நிரபராதி' என்று அறிவித்தார். 3 விஷயங்கள் ஜோடிக்கப்பட்டவை என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார். ஒன்று, சித்ரவதைக்குச் சமமான விசாரணையில் வாங்கிய வாக்குமூலம். இரண்டு, அந்த 5 துணிகள். மூன்று, தாயார் வீட்டில் எடுத்ததாகச் சொன்ன துண்டுத் துணி. இவ்வளவு காலம் ஆனதற்கு அக்காளிடம் மன்னிப்பும் கேட்டார்.

அக்டோபர் 8-ந்தேதி, அரசு தரப்பின் தலைமை வக்கீல் நவோமி உனெமோட்டோ 'அப்பீல் இல்லை' என்று அறிவித்தார். ஆனால் 'ஜோடனை' என்று சொன்னதை ஏற்க முடியாது, தீர்ப்பில் பலத்த அதிருப்தி என்றும் சேர்த்துச் சொன்னார். இது புது சர்ச்சையைக் கிளப்பியது. 'மன்னிப்பு கேட்கிறாரா, இன்னும் குற்றவாளி என்கிறாரா?' என்று ஹக்கமடாவின் வக்கீல்கள் கொதித்தார்கள். பிறகு ஷிசுவோக்கா போலீஸ் தலைவர் நேரில் வந்து குனிந்து மன்னிப்பு கேட்டார். 1966-ல் 'இவர்தான் கொலைகாரர்' என்ற தோரணையில் எழுதித் தள்ளிய முன்னணி பத்திரிகைகளில் சிலவும் வருத்தம் தெரிவித்தன.

2025 மார்ச்சில் கோர்ட்டு நஷ்டஈடு அறிவித்தது. ஒரு நாளைக்கு 12,500 யென் வீதம், 17,389 நாட்களுக்கு 21 கோடியே 73 லட்சத்து 62 ஆயிரத்து 500 யென். நம்ம பணத்தில் சுமார் 12 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான். நாள் கணக்கில் பார்த்தால் ஒரு நாளுக்கு சுமார் 7 ஆயிரம் ரூபாய். 30 வயதில் உள்ளே போனவரின் வாழ்க்கைக்கு இதுதான் விலை.

இரண்டு பக்க வாதம்

இப்போது விவாதத்துக்கு வருவோம்.

'மறுவிசாரணை உத்தரவை எதிர்த்து அரசு தரப்பு அப்பீல் போகவே கூடாது' என்பது ஒரு கட்சி. வக்கீல் சங்கங்கள், ஹிதேகோ, பல எம்.பி.க்கள் இந்தப் பக்கம். ஓய்வு பெற்ற பின் வக்கீலான அதே நீதிபதி முராயமாவும் இந்தப் பக்கம்தான். 'சொல்ல வேண்டியதை எல்லாம் மறுவிசாரணையிலேயே வந்து சொல்லட்டும். கதவைத் திறப்பதற்கே 9 வருஷம் சண்டை எதற்கு?' என்பது இவர்கள் கேள்வி. ஆதாரங்களைக் காட்டுவதையும் கட்டாயமாக்கச் சொல்கிறார்கள்.

'சுப்ரீம் கோர்ட்டு வரை போய் முடிந்த வழக்கை, ஒரு மாவட்ட கோர்ட்டு மட்டும் நினைத்தால் திறந்து விடலாமா? அந்தக் கோர்ட்டு தப்பு செய்தால் யார் திருத்துவது?' என்பது எதிர்க்கட்சி. அரசு வக்கீல்கள் இந்தப் பக்கம். பலியானவர் குடும்பத்துக்கு வழக்கு ஒரு நாள் முடிந்தாக வேண்டும் என்கிறார்கள்.

இரண்டாவது வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஹக்கமடா வழக்கில் அந்த நியாயத்துக்காகக் காத்திருந்தது யார்? 78 வயதில் இருந்து 88 வயது வரை, தலைக்கு மேல் தூக்குக் கயிறு தொங்க, ஹமமட்சு நகரத் தெருக்களில் தினமும் மணிக்கணக்கில் நடந்து கொண்டிருந்த ஒரு முதியவர். வெளியே வந்த பின்னும் அவர் சட்டப்படி தூக்கு கைதிதான்.

2025 ஜூனில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து மறுவிசாரணைச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டு வந்தன. நீதித்துறை அமைச்சகமும் தனியாக ஆலோசனைக் குழுவில் இதை எடுத்துக் கொண்டது. இது ஹக்கமடாவோடு நிற்கும் பிரச்சினையும் இல்லை. ஃபுக்குயி நகரில் 1986-ல் நடந்த ஒரு மாணவி கொலையில் தண்டனை அனுபவித்து முடித்த ஒருவரும் 2025 ஜூலை 18-ந்தேதி மறுவிசாரணையில் விடுதலை ஆனார். அதற்கும் 39 வருஷம்.

தூக்கு வேண்டுமா, வேண்டாமா?

'ஹக்கமடாவை 1980-களிலேயே தூக்கில் போட்டிருந்தால்?' என்று தூக்கை எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். ஆனால் ஜப்பான் மக்கள் மனது மாறியதாகத் தெரியவில்லை. 2025 பிப்ரவரியில் அரசு வெளியிட்ட கருத்துக் கணிப்பில் 83.1 சதவீதம் பேர் 'தூக்கு தவிர்க்க முடியாதது' என்றே சொன்னார்கள். அந்த ஆண்டு ஜூனில் 9 பேரைக் கொன்ற ஒருவர் தூக்கிலிடப்பட்டார். 2022 ஜூலைக்குப் பிறகு அங்கு நடந்த முதல் தூக்கு அது.

போலீஸ் விசாரணை முறையும் முழுசாக மாறவில்லை. 2019 முதல் பெரிய வழக்குகளில் விசாரணையை வீடியோ எடுப்பது கட்டாயம். ஆனாலும் ஒரு வழக்கில் 23 நாள் வரை காவலில் வைத்து விசாரிக்கலாம். விசாரணை அறைக்குள் வக்கீல் உட்காரும் வழக்கம் இல்லை.

உண்மைக் குற்றவாளி யார்?

ஷிமிசுவில் 4 பேரைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு விடை இல்லை. வழக்கு போடும் காலக்கெடு எப்போதோ முடிந்து விட்டது. தப்பான ஆளைப் பிடித்து உள்ளே வைத்ததால் உண்மையான ஆளைத் தேடவே இல்லை. ஹக்கமடாவுக்கு எவ்வளவு அநியாயமோ, செத்துப்போன அந்த 4 பேருக்கும் அதே அளவு அநியாயம்.

தீர்ப்புக்குப் பிறகும் ஹிதேகோ ஓய்ந்து உட்காரவில்லை. தம்பி வெளியே வந்தாச்சு, இனி நமக்கென்ன என்று இருந்திருக்கலாம். சட்டத்தை மாற்றுங்கள் என்று 90 வயதைத் தாண்டிய நிலையிலும் ஊர் ஊராகக் கூட்டங்களுக்குப் போனார். எம்.பி.க்களைப் பார்த்தார். தன் தம்பியைப் போல உள்ளே கிடக்கும் இன்னொருவருக்கு 58 வருஷம் ஆகக் கூடாது என்பதுதான் அவர் கேட்டது.